எங்கள் வீட்டுக்கு இரண்டு கிழக்கு

எனக்குக் கவலைப்படத் தெரிந்த அளவுக்குத் திசை தெரியாது. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். (திசையெல்லாம் ஒன்பதாம் வகுப்பில்தான் நடத்துவார்கள் என்று ரொம்ப நாள் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.)

மாரண்டஹள்ளியில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறேன். மனைவி செல்வி ஜாக்கெட் தைக்கிறாள். அந்த வீடு மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் முன்னறையில் வெயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மெஷினைத் தொட்டால் கை சுடும். உள்ளே தள்ளிப் போட்டால் இருட்டு, பகலெல்லாம் டியூப்லைட். கண் வலியோடு தைத்த ஒரு கல்யாண ஜாக்கெட்டில் இரண்டு கையையும் இடது கையாகவே வைத்துவிட்டாள். அன்றைக்குத்தான் சொன்னாள்:

“சொந்த வூடு சின்னதா இருந்தாலும் பரவால்லீங்க. கெழக்கு பாத்ததா இருக்கணும். காலைல மெஷின் மேல வெளிச்சம் வுழணும், மத்தியானம் வெயில் வுழக்கூடாது. வேற ஒண்ணும் வாணாம்.”

வேறொன்றும் கேட்காதவளுக்கு அந்த ஒன்றையாவது சரியாகச் செய்ய வேண்டுமே என்று எனக்குத் தூக்கம் போயிற்று.

பாப்பாரப்பட்டி பக்கம் புதிதாக உருவான தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. “கெழக்கு வரிசைங்க, அம்சமான வூடு” என்றார் புரோக்கர். கெழக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு மற்றது எதுவும் விழவில்லை. போய்ப் பார்த்த அன்று ஐப்பசி மழை. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சூரியனுக்கே தெரிந்திருக்காது. அதற்காகச் சும்மா நம்பிவிடுகிற ஆளா நான்? போனில் திசைகாட்டியை இறக்கி வைத்திருந்தேன். வாசலைப் பார்த்துப் பிடித்தேன். முள் சுற்றியது, தயங்கியது, கிழக்கு என்றது. (போன் உறை மூடிக்கொள்வதற்கு அதில் காந்தம் வைத்திருக்கிறார்கள் என்பதும், அந்தக் காந்தம் முள்ளை இஷ்டத்துக்கு இழுக்கும் என்பதும் பத்தாம் வகுப்புப் பாடமாக இருக்கும்.)

செல்வி மட்டும், “வெயிலடிக்கிற அன்னிக்கு ஒருக்கா வந்து பாத்துரலாமே” என்றாள்.

“அதுக்குள்ள வேற எவனாச்சும் அட்வான்ஸ் குடுத்துட்டா?”

அடுத்தவன் கொடுப்பதற்குள் நான் கொடுத்துவிட்டேன்.

பத்திரம் முடிகிறவரை மழையும் மூட்டமும் விடவே இல்லை. வானம் வெளுத்த பிறகு பால் காய்ச்சும் நாளில் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருட்டிலேயே வந்து இறங்கினார்கள். பால் நன்றாகவே பொங்கியது. அதோடு விட்டிருக்கலாம். நான் தையல் மெஷினை முன்வாசலுக்கு நேரே போட்டு, பொட்டு வைத்து, பூச் சுற்றி, “முதல் வெயில் மெஷின் மேல வுழட்டும், அப்பறந்தான் கற்பூரம்” என்று அறிவித்தேன். மாமனார், மாமியார், செல்வியின் அண்ணன் முருகேசன் மச்சான் எல்லோரும் வாசலைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். நான் தட்டோடு முன்னால்.

பால்காரர் போனார். கோழி கூவி ஓய்ந்தது. எதிர்வீட்டு மாடிச் சுவர் பளீரென்று மஞ்சளானது.

“எதுத்த வூட்டுல நல்ல பெயிண்டா அடிச்சிருக்காங்க” என்றேன்.

“மாப்ள, கொஞ்சம் பின்னால திரும்புங்க” என்றார் மச்சான்.

திரும்பினேன். வீட்டுக் கோடியில், பாதி திறந்திருந்த கக்கூஸ் கதவு வழியாக, அதன் சின்ன ஜன்னல் வெயில் நீளமாக வந்து என் மாமனார் முதுகில் விழுந்திருந்தது.

மாமியார்தான் பணிவாகக் கேட்டார்: “கற்பூரத்த அங்க போயி காட்டலாங்களா, மாப்ள?”

புரோக்கருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “கெழக்கு வரிசைன்னா தெருவுக்குக் கெழக்கால இருக்கற வரிசைங்க. அது மேக்கதான பாத்திருக்கும்? எதுத்தாப்ல இருக்கறதுதான் கெழக்கு பாத்தது. அது எப்பவோ வித்துப்போச்சுங்களே.”

செல்வியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. எனக்கு அதுதான் இன்னும் கிலி. சாமான் போட வைத்திருந்த பின்னறைக்குப் போனாள், ஜன்னலைத் திறந்தாள், உள்ளங்கையை வெயிலில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “அண்ணா, மெஷின ஒரு கை புடி” என்றாள். நானும் பிடிக்க ஓடினேன்.

“நீங்க வுடுங்க மாப்ள, அதுவும் திசை மாறிப் போயிரும்” என்றார் மச்சான்.

இப்போது பின்னறையில் காலை முழுக்க நல்ல வெளிச்சம். மத்தியானம் குளுகுளுவென்று நிழல். செல்வி கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது, என் உதவி இல்லாமல். முன்னறையில் மிளகாய் காய்கிறது. லோடு இல்லாத நாட்களில் அதன் பக்கத்தில் நானும் காய்கிறேன். பின்பக்கம் ஒரு கதவு வைத்தோம். துணி கொடுக்க வருகிறவர்கள் சந்து வழியாக வருகிறார்கள். வழி கேட்டு யார் போன் செய்தாலும் நான் எடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். செல்விதான் சொல்வாள்:

“முன்னால நிக்காதீங்கக்கா, அது எங்கூட்டுக்காரரு கெழக்கு. அப்படியே சந்துல சுத்திக்கிட்டு வாங்க, பின்னால சூரியனோட கெழக்கு இருக்குது.”

இதுவரை ஒருவர்கூட வழி தவறியதில்லை.