பற்றறி பார்க்க வந்த மாப்பிள்ளை

பிள்ளையார் துணை

கரவெட்டி,
ஓகஸ்ட் 28

மீசாலை, திரு. வே. அருளம்பலம் சம்பந்தியார் அவர்கள் சமூகத்துக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் பாரியாரும் தங்கள் வளவு மாமரங்களும் ஒரு குறையுமின்றி இருக்க எங்கள் பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கே நானும் மனைவி வசந்தினியும் மகள் ஆரணியும் சுகம். சுகமில்லாமல் கிடந்தது தாங்கள் அனுப்பிய மடிக்கணினி ஒன்றுதான், அதைப் பற்றியே இக்கடிதம். தொலைபேசியில் கதைத்திருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருடம் கிராம சேவையாளராக இருந்து, இன்றைக்கும் ஊரார் வாயில் விதானையாராக இருக்கிறவன் பாரதூரமான விஷயத்தை எழுத்தில் வைக்காமல் விட்டது கிடையாது. எழுத்து நடுங்கியிருந்தால் அது வயதால் அல்ல, அதிர்ச்சியால் என்று கொள்ளவும்.

தையில் கலியாணம் என்று முற்றாக்கின கையோடு, ஆரணியின் பட்டப் படிப்புக்கு உதவட்டுமென்று தங்கள் மகன் கோபிசங்கர் தம்பியிடம் புது மடிக்கணினி ஒன்றைக் கொடுத்துவிட்டீர்கள். தங்கள் பெருந்தன்மைக்கு நான் ஒருக்காலும் குறை சொல்லமாட்டேன். ஒரு மாதத்துக்குள் பழுது கண்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னாராம். நான் உடனே சொன்னேன், "தம்பி, மாதம் முடிய முந்தி பற்றறி நல்லது எண்டு எழுத்திலை ஒரு அறிக்கை வேணும். இஞ்சை நாலு துளி மழை விழுந்தால் கரண்ட் போயிடும், சோதினை நடுவிலை பிள்ளை என்ன செய்யிறது?" தம்பியும் "ஓம் மாமா" என்று அடுத்த நாளே பற்றறியைப் பரிசோதிக்கிற மென்பொருள் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றினார். அது இரண்டு மணித்தியாலம் பற்றறியிலுள்ள மின்சாரத்தை இறக்கி, பலத்தை அளந்து, வயதைக் கணக்குப் பார்த்து அறிக்கை தரும் என்றார். இரண்டு மணித்தியாலமும் கதிரையை விட்டு அசையாமல் இருந்தேன். எல்லாம் ஒழுங்காக அளந்து, அறிக்கை வரவேண்டிய கட்டத்தில் திரை ஒருமுறை வெளுத்தது, மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்து மூடிக்கொண்டுவிட்டது! ஐயா, என் சேவைக்காலத்தில் வாக்குமூலம் கொடுக்க வந்த ஒருவராவது கையெழுத்து வைக்கிற நேரம் எழும்பி ஓடியதில்லை. தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "மாமா, நாளைக்கு வந்து பாக்கிறன்" என்றார்.

நாளைக்கு வந்தார். மென்பொருளைக் கழற்றித் திரும்ப ஏற்றினார், விழுந்தது. அதற்கடுத்த நாள் வைரஸ் காவலை நிறுத்தி ஓட்டினார், விழுந்தது. அதற்கடுத்த நாள், "மாமா, நிர்வாகி அதிகாரம் குடுத்து ஓட்டிப் பாப்பம்" என்றார். ஒரு மென்பொருளுக்கு அதிகாரம் கொடுக்க இவர் யார், பிரதேச செயலாளரோ என்று நினைத்தேன். அதிகாரம் கிடைத்த பிறகும் அது விழுந்தது. பிறகு சார்ஜர் வயரைக் கழற்றி ஒரு நாள், மாட்டி ஒரு நாள், திரை வெளிச்சத்தைக் குறைத்து ஒரு நாள். இடையில் ஆரணி, "அப்பா, உங்கடை முன் ஹோலுக்கை ஒரே வெக்கை, லப்டொப் சூடாகித்தான் விழுகுது போலை" என்று மடிக்கணினியைப் பின் விறாந்தைக்கு மாற்றினாள். பிறகு தம்பி, இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒராள் பற்றறி இறங்குவதைப் பார்க்கவேண்டும், மற்றாள் நேரத்தைக் கொப்பியில் குறிக்கவேண்டும் என்றார். நான் குறிக்கிறேன் என்று கண்ணாடியை எடுத்துக்கொண்டு எழும்பினேன். வசந்தினி உடனே, தேங்காய் துருவ ஆளில்லை என்று என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுவிட்டாள். ஒரு நாள் அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் மாத்திரம் நேரம் இருக்கிறது, மிச்சம் முழுக்கப் பூவும் கொடியும்! பிள்ளை மனமுடைந்து கீறத் தொடங்கிவிட்டாள் என்று எனக்குக் கண் கலங்கிப்போயிற்று.

பதினோராம் நாள் நடந்ததைத்தான் என்னால் இன்னும் சகிக்க முடியவில்லை. பின் விறாந்தையில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் "என்ன பிள்ளை?" என்று கேட்டேன். "திரும்பவும் விழுந்திட்டுது அப்பா" என்றாள். நோயாளி கண்ணுக்கு முன்னால் மயங்கி விழ டொக்டரும் நேர்ஸும் சிரித்தால் வீட்டுக்காரனுக்கு எப்படி இருக்கும்? இதற்குள் என் மனைவி தம்பிக்கு நாளாந்தம் சுசியம் பொரித்துக்கொண்டிருந்தாள். "உவர் ஒண்டும் திருத்தேல்லை, உதுக்கு ஏன் சுசியம்?" என்று கேட்டேன். "மீசாலையிலை இருந்து வெய்யிலுக்கை வாற பிள்ளைக்கு வெறும் தேத்தண்ணியே குடுக்கிறது?" என்று என்னிலேயே பாய்ந்தாள். பக்கத்து வீட்டுக் கந்தப்பு வேலிக்கு மேலால் எட்டி, "விதானையார், வீட்டிலை ஆருக்கும் சுகமில்லாமல் வருத்தமோ? நாலு மணியெண்டால் மோட்டசைக்கிள் சத்தம் கேக்குது" என்றார். பற்றறிக்கு என்றேன். "ஓ, பற்றறிக்கோ!" என்றவர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவருக்கு என்ன வந்ததென்று விளங்கவில்லை.

மூன்று கிழமை போய்விட்டது, கடைக்காரரின் தவணையும் முடியப்போகிறது. முந்தநாள் காலை ஒருவருக்கும் சொல்லாமல் மடிக்கணினியைச் சீலைப் பைக்குள் வைத்து நெல்லியடிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஜெயசுதன் என்பவர் கணினி திருத்துகிற கடை வைத்திருக்கிறார். அவர் மென்பொருளைத் தொடக்கூட இல்லை. திரையின் மூலையை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"விதானையார், உங்கடை லப்டொப்பிலை இண்டைக்கு என்ன நாள் தெரியுமோ? பெப்ரவரி இருவத்திமூண்டாம் திகதி!"

"அதுக்கென்ன?"

"பற்றறி செய்தது ஏப்ரலிலை. பிறக்காத பற்றறிக்கு வயசு பாக்கச் சொன்னால் உந்தக் கருவி விழாமல் வேறை என்ன செய்யும்?"

இவ்விடத்தில் நான் மேலே எழுதாமல் விட்ட சிறு விபரம் ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. தம்பி மடிக்கணினியைக் கொண்டுவந்தது ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்றரை. பச்சை ராகு காலம்! என் ஒரே பிள்ளையின் சாமானை அந்த நேரத்தில் திறக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? தம்பி கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நிற்க, திகதி மாற்றுகிற இடத்தை ஆரணியிடம் கேட்டு, அதைப் பெப்ரவரி முதலாம் திகதித் தைப்பூசத்துக்கு நகர்த்தி, காலை ஒன்பது மணி சுபநேரத்தையும் வைத்துவிட்டுத்தான் விளக்கேற்றித் தொடங்கினேன். பிறகு திருப்பி மாற்ற மறந்துபோனேன், அதுவும் அங்கிருந்தே நாளை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறது. சேவைக்காலத்தில் ஒரு கடதாசிக்குக்கூட முன்திகதி போட்டறியாத கை இது. ஜெயசுதனின் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். அவர் திகதியைத் திருத்தி ஓட்ட, மென்பொருள் மறுபேச்சில்லாமல் அறிக்கை தந்தது. பற்றறி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. பிரதி இணைத்துள்ளேன்.

ஆனால் சம்பந்தியார் அவர்களே, என் தவறு ஒரு நாள் தவறு. நெல்லியடியில் இரண்டு நிமிடத்தில் கண்டதை, பொறியியலாளர் என்று நீங்கள் சொல்லித் தந்த மாப்பிள்ளை மூன்று கிழமையாக, எங்கள் வீட்டுச் சுசியத்தில் பாதியைச் சாப்பிட்டும் காணவில்லையே! திரையின் மூலையிலே கிடக்கிற திகதியைப் பார்க்கத் தெரியாதவரின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நான் எப்படி நித்திரை கொள்ளுவேன்? தம்பி குணத்தில் தங்கம், எனக்கும் அவரில் விருப்பம்தான், அதனால்தான் நெஞ்சு கிடந்து பதைக்கிறது. ஆகவே மேற்படி கோபிசங்கரின் பட்டச் சான்றிதழ், பெறுபேற்றுப் பத்திரம் ஆகியவற்றின் உறுதிப்படுத்திய பிரதிகளை அனுப்பிவைக்கவும். அவை கிடைத்து நான் திருப்திப்படும்வரை தைக் கலியாணப் பேச்சை நிறுத்திவைக்கிறேன். மண்டபத்துக்கும் திங்கட்கிழமை அறிவித்துவிடுவேன். பற்றறி சுகமாகிவிட்டது, இனி வரத்தேவையில்லை என்று தம்பிக்கும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஆரணி ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். பழுது தீர்ந்ததற்கு ஒரு பிள்ளை இப்படி முகம் வாடுவதை நான் எங்கும் கண்டதில்லை.

தங்கள் பாரியாருக்கு எங்கள் அன்பு. தங்கள் குடும்பத்துக்குச் சகல நன்மையும் உண்டாகட்டும். தம்பிக்கும்தான்.

இப்படிக்கு,
க. பரமலிங்கம்
ஓய்வுபெற்ற கிராம சேவையாளர்

பி.கு.: உறையை ஒட்டுமுன் வசந்தினி கடிதத்தை வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டுச் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரிக்கிறாள்! "இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரோ? அதுகள் இரண்டாம் நாளே கண்டுபிடிச்சிட்டுதுகள். இடம் காட்டினவளே அவள்தானே!" என்றாள். அப்படியென்றால் ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். "மாத்தினால் பொடியன் என்னத்துக்கு வாறது? கலியாணத்துக்கு முந்திச் சும்மா வந்துபோக நீங்கள் விட்டிருப்பியளோ?" என்றாள். விட்டிருக்க மாட்டேன், ஐயா. இவளுக்கும் தங்கள் பாரியாருக்கும் எல்லாம் தெரியுமாம், இரண்டு பேரும் தொலைபேசியில் சிரித்தார்களாம். கந்தப்புவுக்கும் தெரியும்! ஊரில் யார் வந்தார், யார் போனார் என்று முப்பத்தொரு வருடம் பதிந்தவன், என் வீட்டு விறாந்தையில் நடந்ததை அறியவில்லை. பின் விறாந்தையை எட்டிப் பார்த்தேன். பிள்ளை அந்தக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே மேலேயுள்ளவற்றை வாசிக்கவேண்டாம். கிழித்திருப்பேன், பின்பக்கத்தில் இதை எழுதத் தொடங்கிவிட்டேன். மண்டபத்துக்கு ஒன்றும் சொல்லமாட்டேன், சான்றிதழும் வேண்டாம். ஆரணி குளிக்கப் போன நேரம் மடிக்கணினியை எடுத்து, தைப்பூசம் பாவித்தாயிற்று என்பதால் இம்முறை தைப்பொங்கலுக்குத் திகதியை மாற்றி, இரண்டு மணித்தியாலம் காவலிருந்து ஓட்டிப் பார்த்தேன். நன்றாக விழுகிறது. தபாலென்றால் மூன்று நாள் பிந்தும், பிள்ளை அதுவரை சாப்பிடமாட்டாள், அதனால் இதைத் தங்கள் பக்கம் வருகிற கொடிகாமம் பஸ்ஸில் தெரிந்த ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். பற்றறிக்கு வருத்தம் மிகவும் கடுமை, நாளைக்கு நாலு மணிக்குக் கட்டாயம் வரட்டாம் என்று தம்பியிடம் சொல்லவும்.