சொந்தக்காரங்க கட்டிய ஃபிளெக்ஸ்

நல்லது செய்யப் போகிறவனுக்கு வாய் சின்னதாக இருக்க வேண்டும். என் வாய் பத்துக்கு ஆறு அடி. நாலு மூலையிலும் கயிறு கட்டி மாட்டுகிற அளவு.

ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒருநாள் எங்களைச் சமூக சேவைக்கு அனுப்புவார்கள். (வழக்கமாக மரம் நடுவோம், போன வருஷம் நட்டுச் செத்த மரத்தின் குழியிலேயே.) அந்த வருஷம் காஞ்சிபுரத்தில் வீடில்லாதவர்களுக்கான காப்பகம் ஒன்றுக்குப் போனோம்.

அங்கிருந்த தனலட்சுமி அம்மா, புருஷன் செத்தபின் துரத்தப்பட்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தவர். இப்போது ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறார். செவிலிமேட்டில் வாடகைக்கு ஓர் அறை கிடைத்திருந்தது. சாமான் ஏற்றி இறக்கி, பால் காய்ச்சும்போது கூட நிற்பதுதான் எங்கள் வேலை.

காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற மேரி அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "யாரு கேட்டாலும் சொந்தக்காரங்கன்னு சொல்லுங்கப்பா."

என்ன ஓர் உயர்ந்த உள்ளம்! நேராக ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

செவிலிமேட்டு வீட்டு வாசலில் கட்டி முடித்து, தள்ளி நின்று ரசித்தேன். 'நேற்று நடைபாதை! இன்று நம் வீடு! தனலட்சுமி அம்மாவை வாழ்த்தும்...' கீழே கம்பெனி முத்திரை, பல்லெல்லாம் தெரிய என் படம், 'இவண்: உங்கள் சொந்தக்காரங்க'. (அந்த அம்மாவின் படம் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது.)

உள்ளே பால் அடுப்பில். வெளியே வீட்டுக்கார அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா தனலட்சுமி, வாலாஜாபாத்துல அக்கா வூட்டுல இருந்தேன்னு சொன்னே? இதுல நடைபாதைன்னு போட்டுக்கினு இருக்குது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தனலட்சுமி அம்மா இதற்கு முன் ஏறிய வாசல்களில் எல்லாம் 'முன்னாடி எங்க இருந்தே?' என்ற கேள்வியிலேயே கதவு சாத்தப்பட்டிருக்கிறது. இல்லாத அக்காவை வைத்துத்தான் இந்தக் கதவு திறந்திருக்கிறது. நாங்கள் அந்த அக்காவின் வகையறாவாக நின்றிருக்க வேண்டும்.

சும்மா இருந்தேனா? காப்பாற்றப் போனேன்.

"அம்மா, தங்கமானவங்கம்மா. மூணு வருஷம் பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்தாங்க, ஒரு புகார் கிடையாது!"

"பஸ் ஸ்டாண்டா?" என்றார் வீட்டுக்கார அம்மா. மேரி அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்த இழுப்பில் ஒரு பட்டன் தெறித்தது.

"நான் ஒண்ணும் கெட்டவ இல்லபா. எங்க வூட்டுல வயசுப் பொண்ணு இருக்குது. சாவியக் குடுத்துடுமா."

மேரி அக்கா கெஞ்சினார். தனலட்சுமி அம்மா கெஞ்சவில்லை. பால் விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. பொங்குவதற்கு முன்பே அடுப்பை அணைத்தார். டம்ளர்களில் ஊற்றி எங்களிடம் நீட்டினார்.

"குடிங்கபா. லீவு போட்டுட்டு வந்துக்கிறீங்க."

(லீவு இல்லை. அன்றைக்குச் சம்பளம் உண்டு. அதை மட்டும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம்.)

ஏற்றிய சாமானை இறக்கியிருந்தோம். இறக்கியதை மறுபடி ஏற்றினோம். காப்பக வாசலில் இறங்கும்போது அந்த அம்மா என்னிடம், "படத்துல நல்லா இருந்தேபா" என்றார். திட்டியிருக்கலாம்.

நாலு மாசம் கழித்து அவருக்கு வேறோர் அறை கிடைத்தது. மேரி அக்காவிடம் போனில் விசாரித்தேன்.

"எந்தத் தெருக்கா?"

"யாருக்கு வேணா சொல்லு, அந்த ஃபிளெக்ஸ் தம்பிக்கு மட்டும் சொல்லாதேன்னு சொல்லியிருக்குதுபா அந்த அம்மா."

இன்றுவரை எனக்குத் தெரியாது. காஞ்சிபுரத்தில் எந்தச் சந்தில் நான் வண்டியை மெதுவாக்கினாலும், பின்னால் உட்கார்ந்திருக்கிற என் மகள் முதுகில் குத்துவாள்:

"நிக்காம போப்பா. இந்தத் தெருவா இருந்துடப் போவுது!"