செருப்போடு உள்ளே வரவும்

முதலில் என் கையெழுத்துக்காகவும் எழுத்துப் பிழைகளுக்காகவும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த 'ல' வரும் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பத்திரிகைக்காரர்கள் திருத்திப் போட்டுக்கொள்வார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இலங்கையில் மட்டுமல்ல, தமிழர் வாழும் உலகம் முழுவதிலும், வீட்டுக்குள் வருகிறவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று சட்டம் வைத்திருந்த ஒரே தமிழர் எங்கள் ஹெமின் அண்ணன்தான்.

கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஒரே கூரைக்கடியில் எட்டுக் குடும்பத்துக்கு எட்டு அறை, அதாவது எட்டுக் காம்பரா லயம். அவருடைய காம்பராவுக்கும் எங்களுடையதற்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவர் பெண்டு பிள்ளை இல்லாத தனிக்கட்டை. ஸ்டோரில் ரப்பர் ஷீட் தரம் பிரிப்பது அவர் வேலை. புகை போட்ட ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். குமிழி, தூசி, பூஞ்சணம் எல்லாம் பார்த்து நம்பர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வீசுவார். அந்தக் கண்ணுக்கு ஒரு கொசு முட்டைகூடத் தப்பாது.

தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் மாற்றலாகிப் போனபோது தன் பழைய ரெக்கோட் பிளேயரை இவரிடம் விட்டுப் போனார். லயத்துக்குக் கரண்ட் வந்ததும் இவருக்குப் பைத்தியமும் வந்தது. மாதம் ஒரு தடவை மாவனல்லைக்குப் போவார். அங்கே பழைய சாமான் கடை நடத்தும் முஸ்லிம் நானா ஒருவர் இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். நம்மாள் ஒவ்வொரு தட்டாக உறையிலிருந்து உருவி, வெயிலில் சாய்த்துப் பிடித்து, முகர்ந்தும் பார்ப்பார்.

"நம்பர் மூணு. கீறல் இருக்கு."

"பாட்டு நல்ல பாட்டு வாப்பா."

"பாட்டு நல்லா இருந்து என்னா செய்ய? சுத்தம் பத்தாது. மூணுகூட இல்ல, இது நம்பர் நாலு. இத வித்தா ஒங்களுக்குப் பாவம் சேரும்."

நானா தலையில் கை வைத்துக்கொள்வார். "நீங்க பாட்டுக் கேக்க வந்தீங்களா, ரப்பர் வாங்க வந்தீங்களா?"

வாங்கிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். வளைவுக்கு வளைவு டிரைவரைப் பார்த்து, "ஹெமின் மல்லி, ஹெமின்!" என்பார். சிங்களத்தில் ஹெமின் என்றால் மெதுவாக, மல்லி என்றால் தம்பி. பையில் முட்டையா இருக்கிறது என்று டிரைவர் ஒருநாள் கேட்டார். முட்டை என்றால் நீ பறக்கவே செய்யலாம், வேறு வாங்கிக்கொள்வேன் என்றார் இவர். அன்றிலிருந்து பஸ்ஸுக்கும் தோட்டத்துக்கும் அவர் ஹெமின் அண்ணன்.

எங்கள் லயத்தின் கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. ஒரு கோடியில் யாராவது தும்மினால் மறு கோடியில் சுண்ணாம்பு உதிரும். நாங்கள் நடந்தால் அவருடைய தட்டில் முள் குதிக்கும். மேசைக் கால்களுக்கு அடியில் மெத்தென்ற கிரேப் ரப்பர்த் துண்டு வைத்தார். அப்போதும் குதித்தது. சுவரைத் தட்டி என் அம்மாவிடம் கெஞ்சுவார்.

"அக்கா, மொளகா இடிக்கிறத கொஞ்சம் அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போய் இடிங்களேன்."

"எந்தப் பக்கம்?"

"மாவனல்லப் பக்கம்."

கடைசியில், ஆபீசில் சொல்லி வாங்கிய கிரேப் வெட்டுத்துண்டுகளில் அவரே செருப்புத் தைத்தார். லயத்தில் உள்ள அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு சோடி. அவர் பாட்டுப் போடும் நேரமான ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். சாமி படத்துக்கு முன்னால் செருப்போடு நிற்பதா என்று அம்மா முதல் வாரம் அழுதார். இரண்டாம் வாரம், குதிகால் வலி குறைந்திருக்கிறது என்றார்.

இப்படி இருக்கும்போது எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. எனக்கு அப்போது முப்பத்தி நான்கு வயது. ஏற்கனவே மூன்று இடம் தவறிப் போயிருந்தது. காரணம் என் வாய். புது ஆட்களைக் கண்டால் அது திறக்காது. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டியதால், பையன் ஊமை என்று மூன்றாவது இடத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். நான்காவது நிவித்திகலப் பக்கம். இதுவும் போனால் இனி பெண் தேட மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். பெண் வீட்டார் ஞாயிறு பதினொரு மணிக்கு எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

"தம்பி, அன்னிக்கு மட்டும் பாட்டுப் போட்ராத" என்று அம்மா முதல் நாளே ஹெமின் அண்ணனிடம் சொன்னார்.

"மூச்சே விட மாட்டேன் அக்கா."

ஆனால் அதே சனிக்கிழமைதான் அவருக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு நம்பர் ஒன்று கிடைத்தது. கீறலில்லை, வளைவில்லை, பூஞ்சணமில்லை. மறுநாள் பத்து மணிக்கு, அவர்கள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று, முள்ளை இறக்கினார். அந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டு வேன் லயத்து வாசலில் வந்து நின்றது. பதினொரு பேர். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டார்கள்.

ஹெமின் அண்ணன் இரண்டு கைகளிலும் கிரேப் செருப்புகளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"கும்புடுறேங்க. எல்லாரும் இதப் போட்டுக்கிட்டு உள்ள போங்க. ஹெமின், ஹெமின்."

பெண்ணின் தாய்மாமன் கங்காணி. மீசையே கால் கிலோ இருக்கும். "சாமி படம் வச்சிருக்க வீட்டுக்குள்ள செருப்பா?"

"சாமிக்கு ஒன்னும் ஆகாதுங்க. முள்ளுதான் குதிக்கும்."

"என்னய்யா தோட்டம் இது! வாங்க எல்லாரும், வண்டியில ஏறுவோம்."

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வெத்திலைத் தட்டை மறுபடி உள்ளே கொண்டுபோகத் திரும்பினார். எனக்குள் எது திறந்தது என்று தெரியாது.

"அண்ணே!" என்று கத்தினேன். ரப்பர்ப் பால்மரத்தில் இருந்த காகம் பறந்தது. "மூணு எடம் போச்சு! இதுவும் போனா எனக்குச் சோறு நீங்களா ஆக்கிப் போடுவீங்க? ஒங்களுக்கே ஞாயித்துக்கெழம கொழம்பு எங்க அம்மாதான் குடுக்குது! செருப்பத் தூக்கிட்டுப் போங்கண்ணே!"

பக்கத்துக் காம்பராவில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கங்காணி வேன் படியில் வைத்த காலைக் கீழே இறக்கினார்.

"அட, பையன் பேசுறான்!" என்று திரும்பிப் பார்த்து எல்லாருக்கும் சொன்னார். "ஊமைன்னுல்ல சொன்னாய்ங்க? நல்லா கணீர்னு பேசுறான். எறங்குங்க எல்லாரும்."

பதினொரு பேரும் வெறுங்காலோடு தொம்தொம் என்று உள்ளே போனார்கள். பக்கத்துக் காம்பராவில் நம்பர் ஒன்று பதினொரு தடவை குதித்தது. ஹெமின் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றார். நான் தாண்டிப் போகும்போது காதோரம் சொன்னார்:

"கோவத்துலயும் சத்தத்தக் கொஞ்சம் கொறைச்சிருக்கலாம் தம்பி."

கல்யாணம் நடந்தது. மகள் பிறந்தாள். அவள் நடை பழகிய மாதங்களில் எங்கள் காம்பராவில் இடி விழுவது போல இருக்கும். இரண்டு எட்டு வைப்பாள், தொப்பென்று விழுவாள், எழுந்து மறுபடி விழுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றுவிடும். என் மனைவி பதறிப்போய்ச் சுவரோரம் நின்று சொல்வாள்:

"அண்ணே, புள்ளயத் தூக்கி வச்சிக்கிறேன். நீங்க பாட்டக் கேளுங்க."

"எறக்கி விடும்மா" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "புள்ள நடக்கட்டும். பாட்டு எங்கயும் ஓடிப் போயிறாது."

இதை எழுதி முடித்தது 2009 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை.