வீடுதோறும் முகமூடியார்

நெய்வேலியில் பூமிக்கடியிலிருந்து நிலக்கரியை எடுத்துவிடலாம். முகமூடியாரின் வாயிலிருந்து ஒரு பெயரை எடுக்க எந்த எந்திரத்தாலும் ஆகாது.

எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவை நடத்தியவர் அவர். யாரும் எந்தக் குறையையும் அவருக்கு எழுதி அனுப்பலாம். பெயரை நீக்கிவிட்டுக் குழுவில் இடுவார். முகமூடியார் என்ற பட்டம் அதனால் வந்தது. கேண்டீன் வடையின் உறுதி முதல் மேலதிகாரியின் குரல்வளம் வரை அங்கே அலசப்பட்டன. ஒருமுறை அவர் மனைவியே அவருடைய குறட்டையைப் பற்றி எழுதினார். "ஓர் அன்பர் வருந்துகிறார்" என்று அதையும் வெளியிட்டார்.

எதிர்வரிசைச் செவிலியரம்மாள் மாலைதோறும் தெருநாய்களுக்குச் சோறு வைப்பார். "நாளை வைத்தால் கையை ஒடிப்பேன்" என்று ஒருவர் முகமூடியாருக்கு எழுதினார். அவர் அதை வெளியிடவில்லை. அம்மாளைக் கவனமாக இருக்கச் சொல்லிவிட்டு, மிரட்டல் வந்ததை மட்டும் பெயரில்லாமல் குழுவில் அறிவித்தார். தெரு கொதித்தது. நான் நேரிலேயே அவரிடம் போனேன்.

"பேரைச் சொல்லுங்க சார்!"

"மாட்டேங்க. அந்தம்மாவத் திட்டி எழுதுனாக்கூட போடுவேன். கை வெச்சா மட்டும் பேரு நேரா ஸ்டேஷனுக்குப் போவும். அந்த ஆளு வூட்டுக்கே போயி சொல்லப்போறேன்."

"எந்த வூட்டுக்குப் போறீங்கன்னு தெருவே பாத்துகினு இருக்கே?"

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப எல்லா வூட்டுக்கும் போயிட்டா?"

போனார். ஒரு வீட்டில் காபியை மறுத்தால் அவ்வீட்டின்மேல் ஐயம் விழும் என்று, வயிற்றுப்புண்காரரான அவர் எல்லா வீட்டிலும் குடித்தார். எங்கள் வீட்டிலும் அதே பேச்சு: "கை வெச்சா பேரு ஸ்டேஷனுக்குப் போவும். நாளைக்கு அந்தம்மா பக்கத்துல நீங்களும் வந்து நில்லுங்க."

அவர் தலை மறைந்ததும் என் மனைவி கதவைச் சாத்தினாள். "உண்மையச் சொல்லுங்க. நீங்கதானா?"

அன்று தெருவில் இக்கேள்விக்குத் தப்பிய கணவன் இல்லை.

மறுநாள் மாலை ஐயத்தைக் கழுவிக்கொள்ள அனைவரும் திரண்டோம். கூட்டத்தைக் கண்டு நாய்கள் மிரண்டன. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா, புள்ளைங்க பயப்படுது!" என்று அம்மாள் அதட்டினார். விலகினோம். அவர் இரு கையாலும் சோற்றை அள்ளி வைத்தார். ஒருவரும் அவரைத் தொடவில்லை.

பக்கத்தில் காவல் நின்ற முகமூடியார், காபியின் வினையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தாங்குவதற்குத் தெருவின் கைகள் அத்தனையும் நீண்டன. அவற்றுள் மிரட்டி எழுதிய அந்தக் கை எது என்று நான் பார்க்கவில்லை.