எட்டு அதிகாரிகளும் ஒரு மூட்டைக் கரியும்

மனித குலம் முதன்முதலில் ஓடக் கற்றது புலிக்குப் பயந்து என்பார்கள். இரண்டாம் முறை கற்றது ஸ்ரீநகரில், எங்கள் துறை அலுவலகத்தில், மார்ச் இரண்டாம் வாரம். அதற்குச் சாட்சி சுப்ஹானாகிய நான். பன்னிரண்டு வருடமாக அங்கே தற்காலிகக் கூலி. அலுவலகத்து விறகு, கரி, அதிகாரிகள் வீட்டு அரிசி எல்லாம் என் முதுகில்தான் போகும். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு மட்டும் இயக்குநர் நஸ்கி சாகிப் மேசையை விட்டு நகரவில்லை.

பனிக்காலம் முழுக்க அதிகாரிகள் விடிந்ததும் ஹரிசா என்னும் கறிக்கூழ் தின்று, அடுப்போரம் உட்கார்ந்து, நாட்டுக்காகப் பருத்திருந்தார்கள். இவர்களா போன வருடம் ஏரிக்கரையில் ஓடியவர்கள் என்று நாற்காலிகளே சந்தேகப்பட்டன. உடனே ‘ஓட்ட மீட்புக் குழு’ அமைந்தது. எட்டுப் பேர், ஆறு கூட்டம். முதலில் எந்தக் காலை எடுத்து வைப்பது என்பது துணைக் குழுவின் பரிசீலனைக்குப் போனது. நான் மூன்று மாடி ஏறி உப்புத் தேநீர் சுமந்தேன்.

நஸ்கி சாகிப் என் தோளைத் தட்டினார். “இந்த ஓட்டத்தை நல்லபடியா நடத்திக் குடு சுப்ஹான். அப்புறம் உன் ஃபைல்ல கையெழுத்துதான்.”

முதல் நாள் எட்டுப் பேரும் புதுக் காலணியோடு வந்தார்கள். குளிர் விடவில்லை. ஆகவே எங்கள் ஊர் ஞானப்படி, முழங்கால்வரை தொங்கும் ஃபெரன் அங்கிக்குள் ஆளுக்கொரு காங்ரி. பிரம்புக் கூடைக்குள் தணல் நிறைந்த சட்டி. அதை ஒரு கையால் வயிற்றோடு அணைத்தபடி ஓடினார்கள். முப்பதாவது அடியில் துணை இயக்குநர் திராபு சாகிப்பின் தணல் உள்ளேயே கொட்டியது. அதற்குப் பிறகு அவர் ஓடிய வேகத்தைத் துறை அதுவரை கண்டதில்லை. ஏரி வந்தும் நிற்கவில்லை.

நான் குதித்து இழுத்துப் போட்டேன். புகையும் தண்ணீரும் ஒழுக அவர் கேட்டார்: “எத்தனை நிமிஷம்னு யாராச்சும் குறிச்சீங்களா?”

ஏழாம் கூட்டம் தீர்மானித்தது: ஓட்டம் தொடரும், காங்ரியும் தொடரும், இரண்டும் ஒரே உடம்பில் கூடாது. மறுநாளிலிருந்து அவர்கள் கரையோர ரொட்டிக்கடையில் காங்ரியோடு உட்கார்ந்தார்கள். தணல் அவியாமலிருக்க நான் அலுவலகத்திலிருந்து கரிமூட்டையோடு ஓடினேன். தினமும் ஐந்து கிலோமீட்டர். அறிக்கையில் அது எட்டால் பெருக்கப்பட்டு, ‘துறையின் சாதனை’ ஆனது.

“அவங்க தொப்பைய நீ எதுக்குய்யா கரைக்கிறே?” என்றாள் என் மனைவி ஸூனி. கையெழுத்து வரும் என்றேன்.

நாற்பதாம் நாள் எனக்கு மருத்துவப் பரிசோதனை. நிரந்தரப் பணிக்கு அது ஒன்றுதான் பாக்கி. டாக்டர் நம்பாமல் இரண்டு முறை நாடி பார்த்துவிட்டு, குதிரையின் இதயம் என்று எழுதிக் கொடுத்தார். சான்றிதழோடு ஓடினேன். நஸ்கி சாகிப் படித்தார். கண் கலங்கினார்.

“உன்னை நிரந்தரமாக்கினா நாற்காலி குடுக்கணும். உட்காருவே. சர்க்கரை வரும், ரத்தக்கொதிப்பு வரும், முட்டி போயிடும். இப்படி ஒரு இதயத்தைக் கெடுக்கிற பாவம் எனக்கு வேணாம்பா.”

‘ஊழியரின் உடல்நலம் கருதித் தற்காலிகமாகவே நீடிக்கலாம்’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டார்.

எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கள். எனக்கு ஒரு நோயும் அண்டக் கூடாது என்பதற்காக, எனக்கு வர வேண்டிய நாற்காலியிலும் சேர்த்து, அந்த எட்டுப் பேரும் உயிரைப் பணயம் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.