கோப்பை வந்த ராத்திரி மாப்பிள்ளை முகத்துல முழிச்சது

முஃபுலிரா,
2012 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை.

என் கூடப் பிறந்த லோம்பே அண்ணனுக்கு, தங்கச்சி மலாமா முழங்கால் போட்டு, கைதட்டி வணக்கம் சொல்லி எழுதிக்கறது. மாதா தயவுல இங்க எல்லாரும் சுகம். உங்க முட்டிவலிக்கும் அண்ணியோட இருமலுக்கும் பூசையில பேர் சொல்லி வேண்டிக்கிட்டேன். நம்ம ஊர் லுவிங்குல மரவள்ளி அழுகாம நிக்குதான்னு எழுதுங்க. மரியாதை முடிஞ்சுது, விஷயத்துக்கு வர்றேன். உக்காந்துக்கிட்டுப் படிங்க.

நம்ம ஜாம்பியா ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பையை ஜெயிச்சிடுச்சு. அதுல உங்க தங்கச்சி ஒரு காரியம் பண்ணிட்டா. மாப்பிள்ளையைக் கட்டிப்பிடிச்சிட்டேன், அண்ணே. நம்ம பொண்ணு கசூபாவோட புருஷன் ஜெரேயைத்தான். கல்யாணமாகி மூணு வருஷமா, விருந்து வச்சு முறைப்படி வீட்டுக்குள்ள அழைக்கிற வரைக்கும் மாமியா மாப்பிள்ளை முகத்தைப் பாக்கக் கூடாதுன்னு நான் எப்படிக் கட்டிக் காத்தேன். கல்யாணத்தன்னைக்கே அவர் செருப்பைத்தான் பாத்தேன். சந்தையில அவர் வர்றாருன்னா கோஸ் மூட்டைக்குப் பின்னாடி போய் உக்காந்துக்குவேன். தாய்மாமன் நீங்க தலையாட்டியிருந்தா அந்த விருந்து எப்பவோ முடிஞ்சிருக்கும். நீங்கதான் "எலி தின்கிற ஊருக்காரனுக்கு என் வீட்டுக் கோழியா"ன்னு உக்காந்துட்டீங்க. அவங்க இனமும் நம்ம இனமும் ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ற முறைதான், அவங்களும் நம்மளைக் குரங்கு தின்னின்னுதான் சொல்றாங்க, அதுக்காக மூணு வருஷமா கேலி பண்றது?

அந்த ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னா, இந்தப் போட்டி பூராவும் நான் என் வீட்டுலயே ரேடியோவுல கேட்டு, செனகலை ஜெபமாலையில ஜெயிச்சேன், கானாவை உபவாசத்துல ஜெயிச்சேன். இறுதி ஆட்டத்தன்னைக்குப் பாத்து எங்க தெருவுல கரண்டு போச்சு, ரேடியோ பேட்டரியும் செத்துப்போச்சு. கசூபா வந்தா. "அம்மா, எங்க வீட்டுல கரண்டு இருக்கு. அவரும் கூட்டாளிங்களும் கூடத்துல டிவி பாப்பாங்க, நீ அடுப்படியில உக்காரு, நடுவுல திரை இருக்கு"ன்னா. "திரைக்குப் பின்னாலேர்ந்து என்னடி தெரியும்"ன்னேன். "காது இருக்கில்ல, வா"ன்னு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. நானும் தோள் துணியை முக்காடா இழுத்துவிட்டுக்கிட்டு, கொல்லைப் பக்கமா நுழைஞ்சு, சோளக் களி கிண்டுற சாக்குல உக்காந்துட்டேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, ஆட்டம் நடந்தது காபோன்ல. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி நம்ம பந்தாட்டப் பசங்க போன விமானம் கடல்ல விழுந்து அத்தனை பேரும் போனாங்களே, அதே கடற்கரை ஊரு. அன்னைக்குத்தானே நீங்க ரேடியோவைப் பரண்ல தூக்கிப் போட்டீங்க. இந்தப் பசங்க அந்தக் கடலுக்குப் பூ போட்டுட்டுத்தான் ஆடப் போனாங்களாம். அதைக் கேட்டதுலேர்ந்து களியில உப்புக்கு மேல உப்பு போட்டுட்டேன். எதிராளி ஐவரி கோஸ்ட்டு, எல்லாம் வெளிநாட்டுல பெரிய சம்பளம் வாங்குற ஆளுங்க. அவங்கள்ல பெரிய ஆளு ஒருத்தர் பெனால்டியைத் தூக்கி வானத்துக்கு அடிச்சாரு. கூடத்துல ஒருத்தர் "அது லுசாக்காவுல வந்து விழும், போய்ப் பொறுக்கிக்கோ"ங்கறாரு. கடைசி வரைக்கும் ரெண்டு பக்கமும் கோல் விழல, ஆளுக்கொரு உதைன்னு ஆரம்பிச்சாங்க. நம்ம பசங்க முழங்கால் போட்டுப் பாடுறாங்கன்னு கசூபா சொன்னா, நானும் அடுப்படியில முழங்கால் போட்டேன். அவங்க ஆள் ஒருத்தர் தவறவிட்டாரு. இனி நம்மாள் போட்டா போதும்னு கூடமே எந்திரிச்சு நின்னுச்சு. அவர் கம்பத்துக்கு மேல அடிச்சுட்டாரு. கூடம் சாவு விழுந்த வீடு மாதிரி ஆச்சு, அண்ணே. ரெண்டு தடவை இறுதி வரைக்கும் போய்த் தோத்தவங்க நாம, இதுவும் அப்படித்தானான்னு எனக்கு இருப்புக் கொள்ளல. திரையாவது ஒண்ணாவது, ஒதுக்கிட்டு உள்ள போயிட்டேன்.

டிவிக்கு நேரா பச்சைச் சட்டை போட்டு ஒருத்தர் உக்காந்திருந்தாரு. வீட்டுல நல்ல நாற்காலியில வேற யாரு உக்காருவா? பக்கத்துல நின்னுட்டேன். அவங்க ஆள் இன்னொருத்தர் வெளிய அடிச்சாரு. அடுத்து நம்ம நெட்டைப் பையன் வந்தான், மாதாவேன்னேன், வலைக்குள்ள போச்சு. அவ்வளவுதான், "மாப்பிள்ளே, ஜெயிச்சிட்டோம் மாப்பிள்ளே"ன்னு நாற்காலியோட சேத்துக் கட்டிப்பிடிச்சு, ரெண்டு பேரும் கீழ விழுந்தோம். பாவம், மனுஷன் ஒரு வார்த்தை பேசல, என் தோள்ல சாஞ்சு அழுதாரு. என்ன அடக்கம் பாருங்க. சுரங்கத்துல வேலை பாக்கறவர் சட்டையில அவ்வளவு கருவாட்டு வாசம் ஏன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, போகட்டும்னு விட்டுட்டேன். வெளிய முஃபுலிராவே பானையைத் தட்டிக்கிட்டுத் தெருவுல நிக்குது, மடத்து மதர் சிஸ்டர் கூட லாரி மேல ஏறி ஆடுறாங்க.

ஆக, தொட்டாச்சு, முறை உடைஞ்சாச்சு. இனி நீங்க மாட்டேன்னு சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல. இதைப் படிச்ச கையோட பஸ் ஏறுங்க, கோழி அடிச்சு மாப்பிள்ளையை முறைப்படி அழைச்சு என் பாவத்தைக் கழுவுங்க. பரண்ல கிடக்கிற அந்த ரேடியோவையும் இறக்குங்க. எல்லாருக்கும் மாதா காவல் இருக்கட்டும், பிள்ளைங்களுக்கு என் முத்தம்.

உங்க பாசமுள்ள தங்கச்சி,
மலாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டறதுக்கு முன்னாடி கசூபா கடிதத்தைப் படிச்சுட்டுத் தரையில உருண்டு சிரிக்கிறா. நான் கட்டிப்பிடிச்சது மாப்பிள்ளையை இல்லயாம். அடுத்த வீட்டுக் கருவாட்டுக்கார மும்பாவாம். மூணு வருஷமா முகம் பாக்காதவளுக்கு எப்படித் தெரியும்? நான் திரையை ஒதுக்கின உடனே மாப்பிள்ளை, மாமியா முகத்துல முழிக்கக் கூடாதுன்னு, ஜன்னல் வழியா வெளிய குதிச்சிட்டாராம், காலியான நாற்காலியில மும்பா உக்காந்துட்டாராம். மாப்பிள்ளை தூறல்ல சுவரோரமா நின்னு சத்தத்தைத்தான் கேட்டாராம். நாடே காத்திருந்த அந்தக் கடைசி உதையை அவர் பாக்கவே இல்ல, அண்ணே. நான் பாக்கட்டும்னு விட்டுக்கொடுத்திருக்காரு. ஆக முறை எதுவும் உடையல, மேல எழுதினது அத்தனையும் தப்பு, உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் இல்ல. ஆனா இப்படி ஒரு மாப்பிள்ளைக்குக் கோழி அடிக்கலைன்னா வேற யாருக்கு அடிப்பீங்க? வாங்க. இந்தத் தடவை ஆளைச் சரியாக் காட்டச் சொல்லி கசூபாவைப் பக்கத்துலயே நிறுத்திக்கிறேன்.