மேக்கணக்கு போனுக்கும் ஒரு இடம்

மடுல்சீமை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி ரொஷானுக்கு, அக்கா இருதயம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நான் நலம், என் முழங்கால் வலியும் நலமாகவே இருக்கிறது. டோஹாவில் நீயும் நிலக்ஷனாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன்.

நிற்க. நீ அங்கே கம்பெனிகளுக்கு டெலிபோன் பூட்டி இணைப்புக் கொடுக்கிறவன் என்பதால் ஒரு தொழில் விஷயமாக உன் ஆலோசனை கேட்டு எழுதுகிறேன். வேறு விஷயம் எதுவும் இல்லை.

எங்கள் தோட்டத்து ஆபீசில் நான் இத்தனை வருஷமாகக் கட்டி ஆண்ட பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இடி விழுந்து அரை உயிராகக் கிடந்தது. புதிதாக வந்திருக்கும் சின்ன வயது தொரை, இனி எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகப் பேசும் புது சிஸ்டம்தான் என்றார். நல்லது. ஆனால் தேயிலை ஸ்டோர், டிஸ்பென்சரி, கொழுந்தெடுக்கிறவர்களின் குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பரா, பங்களா என்று மலை முழுக்கக் கிடக்கிற பழைய போன்களை என்ன செய்வது? தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கினால் மலை முழுக்கப் புது வயரும் இழுக்கணும். அதனால பழைய போன்கள புது சிஸ்டத்தோட சேத்து வைக்கிற பெட்டி ஒண்ணு இருக்காம், அத நீங்களே பாத்து எடுங்க மிஸிஸ்னு என் தலையில கட்டிட்டாரு.

பதுளையில கடை வச்சிருக்கிற பலீல் நானா மொதல்ல ரெண்டு ரெண்டு போன் மாட்டுற குட்டிப் பெட்டியா ஒரு கூடை நெறையக் கொண்டாந்தாரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கரண்ட் பிளக். மேசைக்கடியில வயரு காடு மாதிரி மண்டிருச்சு; தொரை காலு மாட்டி விழுந்தாரு, விழுந்தவரு எழும்பாமலே "இதெல்லாம் திருப்பி அனுப்புங்க"ன்னாரு. மேல் டிவிசன், அதான் மேக்கணக்கு, அந்த போனுக்கு அதுல தெம்பே பத்தல. அவ்வளவு தூரத்து வயருல மணி ஒரு தடவ தும்மிட்டு நின்னு போகுது. அடுத்து ஒரே பெரிய பெட்டி வந்துச்சு, பாக்க லட்சணமா. எல்லா வயரையும் பழசுலருந்து கழட்டி அதுல மாட்டினோம். ஒரு போனும் மூச்சு விடல. பொறகு பாத்தா அது வெளி லைன வாங்குற பெட்டியாம், போனுக்கு உசிரு குடுக்குற பெட்டி இல்லியாம். "ரெண்டும் பாக்க அக்கா தங்கச்சி மாதிரி தானே சிஸ்டர்"னு பலீல் நானா சிரிக்கிறாரு.

அன்னைக்கு மலை முழுக்க போன் செத்துக் கெடந்துச்சு. மத்தியானம் போல மேக்கணக்குல தண்ணி டாங்கி பாக்குற வீரய்யா ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கிறாரு, தொப்பலா நனைஞ்சு, அட்டை கடிச்ச காலோட. தினமும் காலையில மழை எவ்வளவுன்னு என்கிட்ட போன்ல சொல்றவரு அவருதான். பொண்டாட்டிய எழந்த மனுசன், அதிகம் பேச மாட்டாரு.

"என்னங்க, மண்ணு கிண்ணு சரிஞ்சிருச்சா?"ன்னு பதறிட்டேன்.

"இல்லீங்க. போன் போகல. ஒங்களுக்கு மேலுக்கு முடியலையோன்னு பாத்துட்டுப் போக வந்தேன்."

பாத்தாரு. திரும்பி மலையேறிப் போயிட்டாரு. தேத்தண்ணிகூட குடிக்கல.

அடுத்த நாளு தொரை, வயரு மண்டினாலும் பரவால்ல, அந்தச் சின்னப் பெட்டிகளே போதும், மேக்கணக்கு போன விட்டுருவோம், அதுல யாரும் பேசுறதில்லியேன்னாரு. எனக்கு எங்கேருந்து அவ்வளவு கோவம் வந்துச்சோ தெரியல. "மேல மண்ணு சரிஞ்சா கீழ லயத்து வீடுகள்ல இருக்கிற சனத்துக்கு யாரு சொல்றது? அங்க செல்போன் சிக்னல் இருக்கா? தூரத்து வயருக்கும் தெம்பு குடுக்கணும், கரண்டு போனாலும் பேட்டரியில ஓடணும், அப்பிடி ஒரு பெட்டியத்தான் எடுப்பேன்"னு மேசையில தட்டிட்டேன். தொரை எழும்பி நின்னு சரின்னுட்டாரு. அதத்தான் இப்ப பூட்டியிருக்கு. வீரய்யாவோட சுத்துற டயல் போன மட்டும் அது ஏத்துக்கல, பட்டன் போன் குடுத்தனுப்பினேன். "பட்டன் ரொம்ப சின்னதுங்க, ஆனா ஒங்க கொரலு கிட்டக்க கேக்குது"ன்னாரு.

நான் எடுத்தது சரியான்னு மட்டும் எழுது. மண்சரிவ நெனச்சுத்தான் அவ்வளவும் பேசினேன். நீ கண்டதையும் கற்பனை பண்ணாத. அவரு சாமி கோயிலுக்குப் போறவரு, நான் சர்ச்சுல பூசைக்குப் போறவ. ஒன் மச்சான் போய்ச் சேந்ததோட எனக்கு இந்தப் பேச்செல்லாம் முடிஞ்சிருச்சு, ஜெபமாலை போதும்.

பிள்ளைகள் நெற்றியில் என் பேரைச் சொல்லிச் சிலுவை போடு. அந்த வெயிலில் உங்கள் எல்லாரையும் மாதா தன் முந்தானையால் மூடிக் காப்பாளாக.

இப்படிக்கு
உன் அக்கா
இருதயம்மா

பி.கு.: கவர் ஒட்டப் போற நேரம் வீரய்யாவோட அக்கா ஜெயலெட்சுமி வெத்தலத் தட்டோட வந்து எறங்கியிருக்கு. அடுப்படியில தண்ணி கொதிக்குது, நின்னுக்கிட்டே எழுதுறேன். பொண்ணு கேட்டு வந்திருக்காங்களாம். கோயிலுக்கும் போவோம், பூசைக்கும் போவோம், ரெண்டுக்கும் சேந்தே போவோம்னு அவரு சொல்லியனுப்பியிருக்காரு. "தம்பிய ஒரு வார்த்த கேக்கணும்"னு சொல்லிட்டு உள்ள வந்தேன். இதோ கேட்டுட்டேன். நீ சரின்னுதான் சொல்லுவ. போய் அவங்ககிட்ட சொல்லிர்றேன்.